வாடியும் பங்களாவும்: சாய்ந்தமருதுக் குடும்பங்களின் மலைநாட்டு விடுமுறை

சாய்ந்தமருதினூடாகச் செல்லும் பெருந்தெரு, அவ்வூர் மக்களுக்கு அன்றாடம் கல்முனைக்கும் காரைதீவுக்கும் போய்வரும் ஊர்த்தெருவாகவே விளங்குகின்றது. ஆயினும் அத்தெரு நிந்தவூர், அக்கரைப்பற்று வழியாகக் கடலோரமாகவே பொத்துவில் வரை சென்று, அங்கே கடலுக்கு விடைகொடுத்து மேற்கே திரும்பி, லகுகலைக் காட்டையும் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய ஆகிய ஊர்களையும் கடந்து, 220 மீற்றர் உயரத்தினின்று வீழும் தியலும அருவியின் அடிவாரத்தால் மலையேறுகின்றது. கொஸ்லாந்தைக்கு அப்பால் பெரகலைச் சந்தியை அடைந்ததும், சில மைல் தொலைவில் கடல்மட்டத்திற்கு 4,700 அடி உயரத்தில் அப்புத்தளை அமைந்துள்ளது. கொழும்பையும் மட்டக்களப்பையும் இரத்தினபுரி வழியாக இணைக்கும் சுமார் 430 கிலோமீற்றர் நீளமான ஏ4 நெடுஞ்சாலை இதுவே. மலைநாட்டுக்குச் செல்லும் பாதை சாய்ந்தமருதாரின் வாசற்படியிலேயே தொடங்குகின்றது என்று கூறின் அது மிகையாகாது.

பாடசாலை விடுமுறைக் காலத்திலும் பெருநாள் கழிந்த நாட்களிலும் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு இத்தெருவிலே வாடகை வான்கள் புறப்படுகின்றன. பெற்றோர், பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தார், வயது முதிர்ந்த உம்மும்மா எனப் பதினைந்து பேர் வரை ஒரு வண்டியில் அடங்குவர். ஆசனங்களின் கீழே அரிசி, சரக்குத்தூள், பெருஞ்சட்டி, எரிவாயு அடுப்பு ஆகியன இருக்கும். நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட ஒரு பங்களாவில் இரண்டு அல்லது மூன்று இரவுகள் தங்கி, அருவியில் நீராடி, மலைமுகட்டுக்கு நடந்து, கிறகரி வாவியில் படகேறி, பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றி மகிழ்ந்து அவர்கள் மீள்வர். இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது என வினவின், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழக்கம் என்பதே பொதுவாகக் கிடைக்கும் விடை. அவ்விடையிற் பாதியே உண்மையாகும். வீடு ஆங்கிலேயருடையது, அவ்வீட்டில் தங்கும் முறை கடற்கரையாருடையது.

முதலில் வீட்டின் கதையை நோக்குவோம். வெப்பநாடுகளில் ஆட்சி செலுத்திய ஐரோப்பியர் மலைமீது மனை அமைத்தமைக்கு இயற்கைக் காட்சியின் மீதிருந்த காதலினும் காய்ச்சலின் மீதிருந்த அச்சமே முதற் காரணமாயிற்று. மலேரியாவை நுளம்பு பரப்புகின்றது என்பதை ரொனால்ட் றொஸ் 1897 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். அதுவரை தாழ்நிலத்துச் சதுப்புகளினின்று எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என நம்பப்பட்டது. எனவே உயரமான இடமே மருந்தாகக் கருதப்பட்டது. நீலகிரியில் ஜோன் சலிவன் 1820களின் தொடக்கத்தில் உதகமண்டலத்திலே கல்வீடு கட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து 1834 இல் மதுரைக்குப் பரவிய அமெரிக்க மிஷன் தன் ஊழியர் பலரை நோய்க்குப் பலிகொடுத்தபின் முதலிற் சிறுமலையிற் குடிசைகள் அமைத்துப் பார்த்தது. அங்கும் காய்ச்சல் விடாமையால் 1845 இல் கொடைக்கானலுக்கு ஏறியது. இலங்கையில் 1819 இல் மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் எட்வேட் பாண்ஸ் அங்குப் படையினருக்கான ஆரோக்கிய நிலையமொன்றையும் தமக்கெனப் பெருமனையொன்றையும் அமைத்தார். அம்மனையே பின்னாளில் கிறாண்ட் ஹோட்டலாக வளர்ந்தது.

சாமுவேல் பேக்கரும் காய்ச்சலால் மெலிந்து உடல்தேற நுவரெலியாவுக்கு வந்தவரே. 1848 இல் அவர் தம் குடும்பத்தார், தொழிலாளர், கால்நடைகள், வேட்டைநாய்கள் ஆகியோருடனும் ஆகியவற்றுடனும் திரும்பிவந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அங்கு நாட்ட முயன்றார். இன்று மரக்கறிக்குப் பெயர்பெற்ற அம்மலையில் ஐரோப்பியப் பயிர்களைப் பரப்பியோருள் அவர் முதன்மையானவர். 1850களில் வெளிவந்த அவருடைய இரு நூல்களும் வேட்டைக் கதைகளால் நிறைந்தவை. குளிர்மலையில் நாய்களை ஏவி மரையைத் துரத்துவதும், சலித்தபோது மட்டக்களப்புப் பகுதியின் புல்வெளிக் காடுகளுக்கு இறங்கி யானை சுடுவதுமே அவருடைய ஓய்வாக இருந்தன. பதுளையில் அரசாங்க அலுவலராயிருந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயரெடுத்து, 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். மலைமனையின் புறவெளிப் பொழுதுபோக்கு என்பது தொடக்கத்தில் இவ்வகையினதே.

இவ்வேட்டைப் பொழுதுபோக்கு சில பதின்ம ஆண்டுகளுள் நாகரிக விளையாட்டாக உருமாறியது. 1873 இல் தேசாதிபதி கிறகரியின் காலத்தில் வாவி உருவாயிற்று. 1875 இல் குதிரைப் பந்தயமும், 1876 இல் ஹில் கிளப்பும், 1889 இல் கோல்ப் கழகமும் தோன்றின. 1885 இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. அதனால் கொழும்பிலிருந்து குடும்பத்தை அழைத்துவருதல் எளிதாயிற்று. ஏப்ரல் மாதத்துக் 'காலம்' என்னும் வழக்கு இவ்வாறு நிலைபெற்றது. பிரித்தானியாவில் 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியுடன் வேலையை முடித்தது. இத்தகைய அரைநாள் ஓய்விலிருந்தே 'வார இறுதி' என்னும் கருத்தும் வளர்ந்தது. ஆலைத்தொழிலாளி போராடிப் பெற்ற ஓய்வு, குடியேற்ற நாட்டில் அதிகாரியினதும் தோட்டத்துரையினதும் உல்லாசமாயிற்று என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இவ்வுல்லாசத்தின் உச்சத்தை அப்புத்தளையிலுள்ள அடிஷம் மாளிகையிற் காணலாம். கொழும்பு வணிகரும் அரசியலாளருமான சேர் தோமஸ் வில்லியர்ஸ், கென்ட் மாவட்டத்திலே தாம் பிறந்த ஊரின் பெயரையே சூட்டி 1931 இல் இக்கல்மாளிகையைக் கட்டிமுடித்தார். ஹில் கிளப்போ இலங்கையருக்கு நெடுங்காலம் கதவடைத்திருந்தது. மலைமனை என்பது ஒரு கூட்டத்தாரின் தனியுடைமை என்ற நிலை சுதந்திரத்தின் பின்னரும் உடனே மாறிவிடவில்லை.

இனிக் கடற்கரையாரின் பக்கத்தை நோக்குவோம். மலைநாடு அவர்களுக்கு ஆங்கிலேயர் காட்டிய புதுநாடு அன்று. போர்த்துக்கேயர் 1626 இல் தம் ஆளுகைக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலமளித்து நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் குறிப்பர். அதற்கு முன்னரே கிழக்கில் முஸ்லிம் குடிகள் இருந்தனவாயினும், மலையரசின் நிழலிலேயே அச்சமூகம் இங்குப் பெருகியது. கண்டி அரசிலே சுமையெருதுகளைக் கொண்டு பொருள் கடத்தும் பணி 'மடிகே' என்னும் நிருவாகப் பிரிவின் கீழ் அமைந்திருந்தது. அதிற் பெரும்பங்கு முஸ்லிம்களுக்கே உரியது. உப்பும் கருவாடும் கடலோரத்திலிருந்து மலைக்கு ஏறின. பாக்கும் மலைவிளைபொருள்களும் கடலோரத்திற்கு இறங்கின. தவளம் எனப்பட்ட இந்த எருதுச் சாத்து நாட்கணக்கிற் காட்டுவழியே நடந்து, நீர்த்துறைகளிற் சுமையிறக்கி, அடுப்பு மூட்டிச் சமைத்துண்டு, மறுநாட் பயணத்தைத் தொடரும். இன்று மலையிலிருந்து திரும்பும் வான்களிற் கரட்டும் லீக்சும் தேயிலைப் பொதியும் நிறைந்திருப்பதைக் காண்போர் தவளத்தை நினைவுகூர்வதில் வியப்பில்லை.

தவளம் ஆண்களின் பயணம். குடும்பம் முழுவதும் வீட்டைவிட்டு வெளியே தங்கும் பழக்கத்திற்கு வேறிரு ஊற்றுக்கள் உள. அவற்றுள் ஒன்று வயல்வாடி. கரைவாகுப் பகுதியின் ஊர்கள் கடலோர மணற்றிட்டில் நெருங்கி அமைந்தவை. அவற்றின் வயல்களோ மேற்கே பரந்து கிடப்பவை. தொலைவிலுள்ள வட்டைகளிற் காணி வைத்திருந்த போடிமார் விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் அங்கேயே வாடி அமைத்துத் தங்குவர். முல்லைக்காரர் ஆண்டின் பெரும்பகுதியை வாடியிலே கழிப்பர். சூடு மிதிக்கும் நாட்களிற் பிள்ளைகளும் பெண்களும் வண்டியேறி அங்குச் செல்வதுண்டு. வாய்க்காலிற் குளிப்பதும், குளத்து மீன் பிடிப்பதும், திறந்த வெளியில் ஆக்கி உண்பதும் உழைப்போடு கலந்த இன்பங்கள். அதனை எவரும் விடுமுறை என்று அழைத்ததில்லை. ஆனால் விடுமுறையின் இன்பம் யாவும் அதிலிருந்தது. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை எழுந்தபின் நீர்ப்பாசனம் விரிந்தது. குடியேற்றங்களால் இன உறவுகளிற் கீறலும் விழுந்தது. பின்னர் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் பெருகவே, வயலுக்குக் காலையிற் சென்று மாலையில் மீள்வது இயல்பாயிற்று. வாடியிற் குடும்பமாகத் தங்கும் தேவை குன்றியது.

மற்றையது ஜெயிலானிப் பயணம். பலாங்கொடைக்கு அப்பால், மலைநாட்டின் தென்சரிவு திடீரென முடிந்து சமவெளி கீழே விரியும் பாறை விளிம்பிற் கூரகல அமைந்துள்ளது. பிராமி எழுத்துப் பொறித்த குகைகளையும் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதரின் எச்சங்களையும் உடைய இடம் அது. 1166 இல் பக்தாதில் மறைந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜெயிலானி ஆண்டகை அங்குத் தவமிருந்தார் என்பது முஸ்லிம்களின் மரபுநம்பிக்கை. 1922 இல் அங்குப் பள்ளிவாசல் எழுந்தது. றபீஉல் ஆகிர் மாதக் கொடியேற்றத்தையும் கந்தூரியையும் ஒட்டி இலங்கையின் பல பகுதிகளிலிருந்தும், குறிப்பாகக் கிழக்கிலிருந்தும், குடும்பங்கள் அங்குச் சென்று தங்கின. சோற்றுச் சட்டியும் பாயும் தலையணையும் உடன்சென்றன. முதியோர் மௌலூது ஓதுகையிற் சிறுவர் பாறையிலேறினர். குகைகளில் நுழைந்து பார்த்தனர். விளிம்பில் நின்று பள்ளத்தாக்கை நோக்கினர். நேர்ச்சை நிறைவேற்றுவதும் ஊர் சுற்றுவதும் அங்கே பிரிக்கவியலாதவாறு கலந்திருந்தன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழா உள்ளூரில் அளித்த அதே மகிழ்ச்சியை, மலைமேல் நீட்டித்துத் தந்தது ஜெயிலானி.

அண்மைப் பதின்ம ஆண்டுகளிற் சீர்திருத்தக் கொள்கையுடையோர் தர்கா வழிபாட்டைக் கண்டித்தமையால் இளந்தலைமுறையினர் பலர் சியாரத்துப் பயணத்தை விட்டொழித்தனர். ஆனால் வண்டி பிடித்து, சட்டியேற்றி, உறவினர் சூழ மலையேறும் ஆவல் அதனோடு ஒழியவில்லை. அது 'ட்ரிப்' என்னும் பெயரில் நுவரெலியாவை நோக்கித் திரும்பியது எனக் கருத இடமுண்டு. நேர்ச்சை நீங்கியது, சட்டி நீங்கவில்லை. சைவச் சமூகத்திற் கதிர்காம யாத்திரைக்கும் சுற்றுலாவுக்குமிடையே இத்தகைய தொடர்பைக் காண்பது கடினமன்று. 2013 இல் தொல்லியற் காப்பிடம் என்னும் காரணங்காட்டிக் கூரகலவிற் பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த கட்டடங்கள் பல அகற்றப்பட்டன. 2022 இல் அரச வெசாக் விழா அங்கு நடைபெற்றது. யாத்திரிகர் தங்குவதற்கிருந்த வசதியும் இவற்றோடு சுருங்கியது. எந்த மலை எவருடையது என்ற வினா இலங்கையில் ஒருபோதும் வெறும் புவியியல் வினாவாக இருந்ததில்லை.

கடற்கரைக் குடும்பத்திற்குப் பங்களாவின் கதவைத் திறந்தது செல்வமன்று, அரச உத்தியோகமே. 1940களில் இலவசக் கல்வி வந்தது. 1941 இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், 1949 இல் கல்முனை ஸாஹிறாக் கல்லூரியும் தோன்றின. உழவரினதும் வணிகரினதும் பிள்ளைகள் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் மாறினர். சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்பதை அவ்வூர் முதன்முதலாக அறிந்தது இவர்கள் மூலமே. வயலுக்கும் கடலுக்கும் பருவம் உண்டு, விடுமுறை இல்லை. அரச ஊழியருக்குரிய புகையிரத ஆணைச்சீட்டு குடும்பத்தையும் உடனழைத்துச் செல்ல இடமளித்தது. 1928 இல் மட்டக்களப்பை எட்டிய இருப்புப்பாதை அதற்குத் துணைநின்றது. திணைக்களங்களும் வங்கிகளும் கூட்டுத்தாபனங்களும் மலைநாட்டிற் கொண்டிருந்த விடுமுறை விடுதிகளும் சேர்க்கிட் பங்களாக்களும் குறைந்த கட்டணத்தில் ஊழியருக்கு ஒதுக்கப்பட்டன. துரைமார் கட்டிய வீட்டில் ஆசிரியர் ஒருவரின் தாயார் அடுப்பு மூட்டிச் சோறாக்கிய நாளையே மலைமனையின் வரலாற்றில் உண்மையான திருப்பமாகக் கொள்ளல் வேண்டும்.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி பொருத்தமாகும். ஆங்கிலேயர் அமைத்த பயணியர் தங்குமனைக்கு ஈழத்துத் தமிழர் இட்ட பெயர் 'வாடிவீடு' என்பது. மீனவன் வலைகாத்துக் கிடக்கும் வாடியும், உழவன் சூடு காக்கும் வாடியும், அதிகாரி இளைப்பாறும் வாடிவீடும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டன. வங்காளத்துக் குடிசையின் பெயர் திரிந்தே பங்களா ஆயிற்று என்பர். ஆக, இரண்டும் எளிய கூரையிலிருந்து கிளைத்த பெயர்களே.

விடுமுறை நாட்களின் கணக்கும் இவ்விடத்தில் நோக்கற்பாலது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டுப் போயா நாட்களே வார ஓய்வாயின. அதனால் வாரத்தின் நீளமே மாறிமாறி அமைந்தது. முஸ்லிம் பாடசாலைகளோ றமழான் நோன்புக்கெனத் தனி விடுமுறைக் கணக்கைக் கொண்டவை. கொழும்பு மேற்குடியினர் ஏப்ரலில் மலையேற, சாய்ந்தமருதார் அதே ஏப்ரலைப் பெரும்பாலும் தவிர்ப்பர். அம்மாதத்தில் பங்களா வாடகை பன்மடங்காகும் என்பது ஒரு காரணம். பெருநாளை ஒட்டிய நாட்களே உறவினர் ஒன்றுகூட வாய்ப்பானவை என்பது மற்றொன்று. ஹிஜ்ரி ஆண்டு பருவங்களைச் சுற்றிவருவதால் இவர்களின் மலைப்பயணம் ஓராண்டு மழையிலும் சில ஆண்டுகள் கழித்து வெயிலிலும் நிகழும். பெருமழைக்கால மண்சரிவுக்கு அஞ்சிப் பயணத்தைத் தள்ளிவைத்த குடும்பங்களும் உண்டு.

1990 இல் இப்பயணம் ஏறக்குறைய முற்றாக நின்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நிகழ்ந்த படுகொலைகளின் பின் கிழக்கின் காட்டுவழிகளில் இரவிற் செல்வோர் அரிதாயினர். லகுகலைச் சாலை அச்சத்தின் மறுபெயராயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை சாய்ந்தமருதுக் கரையோரத்தை அழித்தபோது, கடலினின்று விலகி உயரமான இடத்துக்குச் செல்லல் என்பது வேறொரு பொருள் பெற்றது. 2009 மே மாதம் போர் முடிவுற்றதும் பாதைகள் திறந்தன. வாடகை வான்களும் பெருகின. ஆனால் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் தொடர்ச்சியாக, ஏப்ரல் 26 ஆம் திகதி சாய்ந்தமருதிலேயே வீடொன்றில் துப்பாக்கிச் சமரும் குண்டுவெடிப்பும் நிகழ்ந்து சிறுவரும் மாண்டனர். பயங்கரவாதிகள் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றிய தகவலை அதிகாரிகளுக்கு எட்டவைத்தவர்கள் அவ்வூர் மக்களே. எனினும் அதன்பின் சில மாதங்கள் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சோதனைச் சாவடிகளும் ஐயப் பார்வைகளுமே வழித்துணையாயின. அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்திரைக்குத் தடைவிதிக்கப்பட்ட அக்காலத்தில் வீட்டுப் பெண்கள் பலர் பயணத்தையே கைவிட்டனர். பெண்கள் வராத பயணம் குடும்ப விடுமுறை ஆகாது.

மலைமனையின் வரலாற்றில் இன்னொரு சாரார் உளர். பங்களாவைத் துடைத்து, விறகு பிளந்து, தோட்டத்தைப் பேணிவருவோர் பெரும்பாலும் மலையகத் தமிழர். கோப்பிக் காலத்திலும், 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிவைத்த தேயிலைக் காலத்திலும் மலையைத் திருத்தியவர்கள் அவர்களுடைய முன்னோர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. விருந்தினர் நான்கு அறைகளைக் கொண்ட பங்களாவில் உறங்க, அதன் கீழ்ச்சரிவிலுள்ள லயத்தில் ஒரே அறையில் ஒரு குடும்பம் உறங்குவது இன்றும் காணும் காட்சி. நாட்சம்பளத்தில் வாழ்வோருக்கு விடுமுறை என்பது கூலியிழந்த நாளே. சாய்ந்தமருதிலிருந்து செல்லும் குடும்பம் சிங்களப் பிரதேசங்களைக் கடந்து மலையுச்சியை அடைந்ததும் மீண்டும் தமிழ் கேட்கிறது. பங்களாக் காவலாளியோடு உம்மும்மா மொழிபெயர்ப்பின்றிப் பேசுகிறார்; சமைத்த சோற்றில் ஒரு பங்கு அவர் வீட்டுக்கும் செல்கிறது. ஆங்கிலத் துரைக்கு இவ்வுரையாடல் வாய்த்திருக்க இயலாது. எனினும் அவ்வுரையாடலால் லயத்தின் சுவர் ஓர் அடியேனும் அகன்றுவிடவில்லை.

அடிஷம் மாளிகை 1961 இல் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாயிற்று. வார இறுதி, போயா, பாடசாலை விடுமுறை நாட்களிற் கட்டணம் செலுத்துவோர் எவரும் உட்செல்லலாம். வில்லியர்ஸ் விருந்தினரை வரவேற்ற கூடமும் அவருடைய நூலகமும் மட்டுமே பார்வைக்குத் திறந்துள்ளன. துறவிகள் செய்யும் பழப்பாகு வாயிலருகே விற்பனைக்கு உண்டு. அம்பாறைக் கரையோரத்திலிருந்து வரும் வான்களும் அங்கே நிறுத்தப்படுகின்றன. பிள்ளைகள் புற்றரையில் ஓடித்திரிய, பெரியோர் லுஹர்த் தொழுகைக்கு அப்புத்தளைப் பள்ளிவாசலுக்குச் செல்வதா, இங்கேயே ஓரமாகப் பாய்விரிப்பதா எனப் பேசிக்கொள்கின்றனர்.